அரசா, தனியாரா? வணிகப் படிப்புக்கு இடம் தேடுவோரின் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. பற்றியவை. அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்பதுதான் எல்லாவற்றிலும் உள்ள கேள்வி. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. பட்டத்தை யார் தருகிறார்கள், கடைசி ஆண்டு வரை மொத்தம் எவ்வளவு ஆகும், படித்து முடித்தவர்களில் நடுவில் நிற்பவர் கையில் எவ்வளவு வாங்குகிறார் என்ற மூன்றையும் எண்ணாக எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். கீழே உள்ள பதில்களும் அந்த வழியில்தான் போகின்றன.

மகள் வணிகவியல் பிரிவில் 600-க்கு 520 வாங்கியிருக்கிறாள். ராசிபுரத்திலேயே அரசுக் கல்லூரியில் பி.காம். கிடைக்கும் போலிருக்கிறது. சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ.வுக்கும் இடம் தருகிறார்கள். ஆண்டுக் கட்டணம் இரண்டரை லட்சம், விடுதி தனி. "பெரிய யுனிவர்சிட்டி, வேலை நிச்சயம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், ராசிபுரம்

முதலில் பணத்தைக் கணக்குப் போடுவோம். கட்டணம் இரண்டரை லட்சம், விடுதியும் சாப்பாடும் ஆண்டுக்கு 1.2 லட்சம் என்றால் ஆண்டுக்கு 3.7 லட்சம். மூன்றாண்டுக்கு 11.1 லட்சம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் கட்டணம் ஏறினால் அது தனி. அரசுக் கல்லூரியில் வீட்டிலிருந்து போய் வந்தால் ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். உங்கள் மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். இந்த வித்தியாசத் தொகையை வைத்து, மூன்று ஆண்டு கழித்து ஒரு நல்ல எம்.பி.ஏ.வோ, சி.ஏ. பயிற்சியோ முழுவதுமாக முடித்துவிடலாம்.

அடுத்தது பாடம். பி.காம்.மில் கணக்குப்பதிவியல், அடக்கவிலைக் கணக்கு, கம்பெனிச் சட்டம், வருமான வரி, தணிக்கை எல்லாம் ஆழமாக வரும். பி.பி.ஏ.வில் மேலாண்மை, மார்க்கெட்டிங், மனிதவளம் அதிகம், கணக்கு குறைவு. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் போதும் என்பதால் அங்கே வேறுபாடு இல்லை. ஆனால் சி.ஏ., சி.எம்.ஏ. (அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு) பக்கமோ, எம்.காம்., பி.எட். முடித்து மேல்நிலைப் பள்ளி வணிகவியல் ஆசிரியர் வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால் பி.காம். நேர் வழி. பி.பி.ஏ.வை எம்.பி.ஏ.வுக்கு அவசியமான முன்படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. எந்தப் பட்டதாரியும் எம்.பி.ஏ. சேரலாம்.

"வேலை நிச்சயம்" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் விளம்பரங்களில் வரும் சம்பளங்கள் பெரும்பாலும் பொறியியல் மாணவர்களுடையவை. நேரில் போய், "பி.பி.ஏ. கடைசி பேட்ச்சில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தெந்தக் கம்பெனி, என்ன வேலை" என்று அந்தத் துறைக்கு மட்டும் எழுத்தில் கேளுங்கள். கால் சென்டர், நேரடி விற்பனை, கடன் வசூல் ஆகியவற்றையும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்ப்பது உண்டு. அவற்றுக்குப் பதினொரு லட்சம் செலவழிக்கத் தேவையில்லை.

அரசுக் கல்லூரியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் பல காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வகுப்புகள் ஓடுகின்றன. டேலி பாடம் கணினியில் இல்லாமல் கரும்பலகையில் நடக்கும் இடங்கள் உண்டு. வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகள் குறைவு. இந்தக் குறைகளை வெளியிலிருந்து நிரப்பிக்கொள்ள முடியும் என்பதுதான் எங்கள் வாதம். முதல் ஆண்டில் எக்செல், ஆங்கிலம். இரண்டாம் ஆண்டில் டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கலும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பக்கத்து ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கல்லூரியில் 'நான் முதல்வன்' பயிற்சி வரும்போது பேருக்கு உட்காராமல் சான்றிதழ் வரை முடிக்க வேண்டும். இப்படி மூன்றாண்டு செய்த பி.காம். மாணவியிடம் ஒரு கணக்குப் பிரிவு மேலாளர் வவுச்சர் கட்டை நம்பிக் கொடுப்பார்.

ஆகவே உங்கள் மகளுக்கு எங்கள் பரிந்துரை அரசுக் கல்லூரி பி.காம். விண்ணப்பம் இணையவழியில்தான், தரவரிசை மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துப் போடப்படும். 520 என்ற மொத்தத்தைப் பார்க்காமல் அந்த நான்கின் கூட்டலைப் பாருங்கள். ராசிபுரத்தோடு நாமக்கல், சேலம் அரசுக் கல்லூரிகளையும் விருப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஒரே கல்லூரியில் ஒரு பி.காம்.முக்கு மிகக் குறைந்த கட்டணம், இன்னொரு பி.காம்.முக்குப் பல மடங்கு கேட்கிறார்கள். ஏமாற்று வேலையா?
– வாசகர், கோவை

ஏமாற்று இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இரண்டு பிரிவுகள் இருக்கும். உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் எல்லாச் செலவும் மாணவர் கட்டணத்திலிருந்து. பல இடங்களில் உதவி பெறும் பிரிவு காலை ஷிப்டிலும், சுயநிதிப் பிரிவு மதிய ஷிப்டிலும் நடக்கும். பட்டச் சான்றிதழைத் தருவது ஒரே பல்கலைக்கழகம்தான்.

அரசா, தனியாரா என்று குழம்புகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். தமிழ்நாட்டின் மிகப் பழைய, பெயர்பெற்ற வணிகவியல் துறைகள் பலவும் தனியார் அறக்கட்டளைகளின் உதவி பெறும் கல்லூரிகளில் இருக்கின்றன. தனியார் நிர்வாகத்தின் கட்டுப்பாடும் அரசுக் கட்டணமும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. உதவி பெறும் பிரிவு பி.காம். கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். விண்ணப்பப் படிவத்தில் இரண்டு பிரிவுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கும். சுயநிதிக் குறியீட்டை மட்டும் நிரப்பிவிட்டு, நல்ல மதிப்பெண் இருந்தும் வாய்ப்பை இழப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றாலும் இதேதான்: பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையது, பட்டம் சென்னைப் பல்கலைக்கழகமோ பாரதியார் பல்கலைக்கழகமோ, அது எதனோடு இணைந்திருக்கிறதோ அதனுடையது.

பி.காம். சி.ஏ. சேர்ந்தால் ஆடிட்டர் ஆகலாமா?
– மாணவர், விருதுநகர்

பி.காம்.மில் வரும் 'சி.ஏ.' கணினிப் பயன்பாடு. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. வேறு, அதை நடத்துவது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். பிளஸ் டூவுக்குப் பின் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதி நுழையலாம். இல்லாவிட்டால் பி.காம்.மில் 55 சதவீதம் வாங்கி நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம்; வணிகவியல் அல்லாத பட்டதாரிகளுக்கு 60 சதவீதம் வேண்டும். 2023-இல் வந்த புதிய திட்டப்படி ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி இரண்டு ஆண்டு.

சி.ஏ.தான் குறி என்றால் கல்லூரியின் நேர அட்டவணை முக்கியம். மதியம் ஒரு மணிக்கு முடியும் காலை ஷிப்ட் கல்லூரியில் சேர்ந்தால் பயிற்சி வகுப்புக்கு மீதி நாள் கிடைக்கும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வைத்திருந்து 75 சதவீத வருகையைக் கறாராகக் கேட்கும் பல்கலைக்கழகம் இதற்கு ஒத்துவராது, எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும்.

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பி.ஏ. முடித்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு வேலை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். சரிபார்க்க வழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

உண்டு, செலவும் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ளது, ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தரவரிசைக்காகத் தரும் தகவல் கோப்பு. நிறுவனத்தின் இணையதளத்தில் அடிப்பகுதியில் என்.ஐ.ஆர்.எஃப். என்ற இணைப்பு இருக்கும். அதில் 'மேலாண்மை' பிரிவுக்கான கோப்பைத் திறக்க வேண்டும். 'ஒட்டுமொத்தம்' என்ற கோப்பைத் திறந்தால் பொறியியல் எண்கள் கலந்து வரும். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு அட்டவணையில் சேர்ந்தவர் எத்தனை, குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை, வேலை பெற்றவர் எத்தனை, அவர்களின் மீடியன் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை என்று மூன்று ஆண்டுக்கு வரிசையாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 172 பேர் சேர்ந்து, 160 பேர் முடித்து, 96 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது 60 சதவீதம். ஆனால் வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தவர்கள் 104 பேர் மட்டும் என்று காட்டி, 104-க்கு 96 என்று வகுத்தால் 92 சதவீதம் வந்துவிடும். மதிப்பெண் குறைந்தவர், அரியர் வைத்தவர், சொந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வைக்கப்பட்டவர் எல்லாம் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். எனவே "எத்தனை பேரில்?" என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் ஏற்க வேண்டாம்.

சம்பளத்தில் சராசரியும் அதிகபட்சமும் உதவாது. துபாய்க்குப் போன ஒருவரின் 30 லட்சம் மொத்த வகுப்பின் சராசரியைத் தூக்கிவிடும். மீடியன் என்பது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. பாதிப் பேர் அதற்குக் கீழேதான். அந்தத் தொகையும் கம்பெனி ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு, கையில் வருவது இல்லை. ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் அதில் 10 சதவீதம், அதாவது 60,000 ரூபாய், இலக்கை எட்டினால்தான் வரும் தொகையாக இருக்கலாம். கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800 வீதம் 21,600. பணிக்கொடைக்கு ஏறக்குறைய 14,400. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 21,600. மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000 ரூபாய் அளவில் நிற்கும். கல்விக் கடன் தவணையை இந்த நாற்பதாயிரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

என்.ஐ.ஆர்.எஃப். எண்கள் நிறுவனமே தருபவை என்பதையும் நினைவில் வையுங்கள். சரிபார்க்க ஒரு வேலை செய்யலாம்: லிங்க்ட்இன்னில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு இரண்டு ஆண்டுக்கு முன் எம்.பி.ஏ. முடித்த இருபது பேரைத் தேடி, இப்போது எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வார்கள்.

பி.காம். இறுதியாண்டு. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அரசுப் பல்கலைக்கழகத் துறையில் எம்.பி.ஏ. சேரலாமா, ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) தேர்வு எழுதலாமா? அப்பா ஏதாவது தனியாரில் உடனே சேரச் சொல்கிறார்.
– மாணவர், மதுரை

அரசு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, அண்ணா, சென்னை, பாரதியார், அழகப்பா போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களின் மேலாண்மைத் துறைகள். கட்டணம் மிகக் குறைவு, இடங்களும் குறைவு. இரண்டு, கேட் மதிப்பெண் கேட்கும் ஐ.ஐ.டி. சென்னை, என்.ஐ.டி. திருச்சி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, 1984-இல் தொடங்கிய பிம் (பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்). இங்கே கட்டணம் முதல் வகையைப் போலப் பல மடங்கு. மூன்று, ஐ.ஐ.எம்.கள். திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் வந்தது. அரசு நிறுவனம் என்பதால் செலவு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. அகமதாபாத் போன்ற பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

டான்செட் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. இரண்டு மணி நேரம், 100 கேள்வி, ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடும். பல்கலைக்கழகத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் கிடைக்காது. கேட் வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு நடக்கும். பதிவு ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடியும். மூன்று பகுதிக்கும் தலா 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சப்படுத்திய நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பி.காம். மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது கணிதப் பகுதியில். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சதவீதம், விகிதம், இயற்கணிதத்தைத் திரும்பப் படித்து ஆறு மாதம் மாதிரித் தேர்வு எழுதினால் அதைத் தாண்டலாம்.

டான்செட்டில் மேலே குறிப்பிட்ட பல்கலைக்கழகத் துறைகளில் ஒன்று கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வந்தால் உடனே சேருங்கள். கடன் இல்லாமல் எம்.பி.ஏ. முடிப்பது பெரிய விஷயம். அது கிடைக்கவில்லை என்றால், அப்பாவிடம் பேசி ஒரு வருடம் அவகாசம் வாங்குங்கள். அந்த வருடம் வீட்டில் சும்மா உட்காராமல் ஒரு கணக்கு வேலையிலோ வங்கிக் கிளை வேலையிலோ இருங்கள். பணி அனுபவத்துக்கு நல்ல நிறுவனங்கள் தேர்வில் தனி மதிப்பெண் தருகின்றன. வேலை பார்த்தவருக்கு எம்.பி.ஏ. பாடமும் வேகமாகப் புரியும். ஏதாவது ஒரு தனியாரில் உடனே சேர்வதைத்தான் நாங்கள் வேண்டாம் என்கிறோம். சரியாகத் தேர்ந்தெடுத்த தனியார் நிறுவனம் அப்படி அல்ல, கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர், சென்னை லிபா ஆகியவை தனியார்தான், மாநிலத்தில் மதிப்பான பெயர்கள்தான்.

சான்றிதழில் ஒரு எச்சரிக்கை. ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி., என்.ஐ.டி. எல்லாம் மத்திய அரசு இடஒதுக்கீட்டில் வருபவை. அங்கே ஓ.பி.சி. 27 சதவீதம், அதிலும் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர்களுக்கு மட்டும். பி.சி., எம்.பி.சி. என்று நம்மிடம் இருக்கும் சாதிச் சான்று அங்கே செல்லாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இ-சேவை மையத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பித்து, மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டில் வழங்கப்பட்டதாக வாங்க வேண்டும். நேர்முகத் தேர்வு வரை போய் இந்தத் தாள் இல்லாமல் பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டு இடத்தை இழப்பது நடக்கிறது.

தனியார் நிறுவனம் எம்.பி.ஏ. தராமல் பி.ஜி.டி.எம். என்று டிப்ளமோ தருகிறதே, மதிப்பு உண்டா?
– வாசகி, ஈரோடு

பல்கலைக்கழகத்தோடு இணையாத தனி நிறுவனம் பட்டம் தர முடியாது, அதனால்தான் டிப்ளமோ. 2017 ஆம் ஆண்டு ஐ.ஐ.எம். சட்டம் வரும் வரை ஐ.ஐ.எம்.களும் டிப்ளமோதான் தந்துவந்தன. கம்பெனி வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். பிஎச்.டி., கல்லூரி ஆசிரியர் பணி, அரசு வேலை என்று போகும்போது மட்டும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதியும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் எம்.பி.ஏ. சமநிலைச் சான்றும் இருக்க வேண்டும். சேரும் முன் இரண்டின் நகலையும் கேளுங்கள்.

எம்.பி.ஏ.வுக்குப் பத்து லட்சம் கடன் வாங்க நினைக்கிறேன். தவணை எவ்வளவு வரும்? அரசு நிறுவனமா தனியாரா என்பதால் வங்கியில் வித்தியாசம் உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

வருடத்துக்கு ஐந்து லட்சமாக இரண்டு முறை வங்கி தருவதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலம் இரண்டாண்டு, அதன் பின் ஓராண்டு வரை தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஐந்து லட்சத்துக்கு மூன்றாண்டுத் தனிவட்டி ஒன்றரை லட்சம், அடுத்த ஐந்து லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டி ஒரு லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் பன்னிரண்டரை லட்சமாக நிற்கும். பத்தாண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 16,500 ரூபாய். மொத்தம் கட்டுவது 19.8 லட்சம். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை 13,400-க்கு இறங்கும், ஆனால் மொத்தம் 24 லட்சத்தைத் தாண்டும். படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் வீட்டிலிருந்து கட்டி வந்தால் அசல் பத்து லட்சமாகவே இருக்கும், தவணையும் 13,200 ஆகும். முதலாண்டில் மாதம் 4,200 அளவும், இரண்டாம் ஆண்டு முதல் 8,300 அளவும் அதற்கு வேண்டும். அப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கும். கிளையில் கேட்டு அனுமதிக் கடிதத்தில் எழுத வையுங்கள்.

தவணை, கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 16,500 ரூபாய் தவணைக்குக் கையில் ஐம்பதாயிரமாவது வர வேண்டும். திருநெல்வேலி வாசகருக்கான பதிலில் சொன்ன 6 லட்சம் மீடியன் உள்ள இடத்துக்கு இந்தக் கடன் தாங்காது. அதற்கு மேல் மீடியன் காட்டும் நிறுவனம் என்றால் தனியாராக இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை.

வங்கி விதிகளில் அரசு, தனியார் என்பதைவிடத் தரவரிசைதான் பேசுகிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் பட்டியலில் இருந்தன. என்.ஐ.ஆர்.எஃப்.பில் முதல் நூறு இடங்களில் உள்ள தனியாரும் அதில் உண்டு; மாநில அரசு நிறுவனங்களுக்கு 200-ஆவது இடம் வரை சலுகை. பட்டியலில் உள்ள இடத்தில் தகுதி அடிப்படையில் சேர்ந்தால் அடமானமும் ஜாமீனும் வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரையான கடனுக்கு மத்திய அரசு 75 சதவீத உத்தரவாதம் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் கேட்கலாம். அது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான், அரசு நிறுவனத்தில் படிப்பவர்களுக்கு முன்னுரிமை.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் கவனிக்க வேண்டியது: நீங்கள் கட்டிய முழுத் தொகையையும் வங்கி கணக்கில் எடுக்காது, அரசோ ஒழுங்குமுறை அமைப்போ அனுமதித்த கட்டணத்தைத்தான் எடுக்கும். மீதி உங்கள் கைப்பணம். ரசீது இல்லாமல் கேட்கும் நன்கொடையைத் தமிழ்நாட்டில் 1992 ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அதற்குக் கடன் கிடைக்காது, திரும்பவும் வராது.

எங்கள் ஊரில் ஒரு மாடிக் கட்டடத்தில் வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் 'மையம்' நடக்கிறது. வாரம் ஒரு வகுப்பு வந்தால் ரெகுலர் பி.பி.ஏ. பட்டம் என்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

சேர வேண்டாம். ஒரு மாநிலச் சட்டத்தால் உருவான தனியார் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக்கு வெளியே வளாகமோ மையமோ நடத்த முடியாது. சத்தீஸ்கர் தனியார் பல்கலைக்கழகங்கள் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வாரம் ஒரு வகுப்பில் ரெகுலர் பட்டம் என்ற ஒன்றே இல்லை. வேலை பார்த்துக்கொண்டு படிக்க வேண்டுமானால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த பல்கலைக்கழகத்தில் தொலைநிலை அல்லது இணையவழிப் படிப்பாக வெளிப்படையாகச் சேருங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ இரண்டும் அரசுடையவை, கட்டணமும் குறைவு. அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதை யூ.ஜி.சி. தளத்தில் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 60,000 ரூபாய் கட்டி மகனைச் சேர்த்தோம். இப்போது உதவி பெறும் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. பணம் திரும்ப வராது, மாற்றுச் சான்றிதழும் தர முடியாது என்கிறார்கள்.
– தந்தை, வேலூர்

இரண்டும் தவறு. 2018 அக்டோபரில் யூ.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பு நிகர்நிலை, தனியார் உட்பட எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். சேர்க்கைக்கான கடைசித் தேதியாக அவர்கள் அறிவித்த நாளுக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கு முன் விலகினால் முழுத் தொகை. அலுவலகச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி முடிந்து பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றும் இல்லை. காப்புத் தொகை எப்போதும் முழுதாக வர வேண்டும். சில ஆண்டுகளில் யூ.ஜி.சி. இதைவிடத் தாராளமான தனிச் சுற்றறிக்கை விடுகிறது. 2024-25-இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை என்றது. இந்த ஆண்டுக்கு என்ன வந்திருக்கிறது என்று அதன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது.

கணக்கு விலகல் கடிதத்தின் தேதியிலிருந்துதான் தொடங்கும். தொலைபேசியில் சொன்னது, அலுவலகத்தில் நேரில் பேசியது எதுவும் சான்றாகாது. இன்றைக்கே பதிவாளருக்கு மின்னஞ்சலும், ஒப்புகையோடு விரைவுத் தபாலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். விண்ணப்ப எண், கட்டிய தேதி, ரசீது எண், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு ஆகியவற்றை எழுதி, 2018 அறிவிப்பின்படி பதினைந்து நாளில் தொகையைத் தரும்படி கேளுங்கள். பதினாறாம் நாள் வரை வரவில்லை என்றால் யூ.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிந்து, கடிதம், ரசீது இரண்டின் நகலையும் இணையுங்கள். இதற்கிடையில் உதவி பெறும் கல்லூரியின் இடத்தை விட்டுவிடாதீர்கள்: அங்கே முதல்வரிடம் நிலைமையைச் சொல்லி, மாற்றுச் சான்றிதழைப் பிறகு ஒப்படைக்கிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து, கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் கட்டிவிடுங்கள்.